ஹெனிசரோ: தத்துப்பிள்ளையா, அடிமையா?

நவஹோ, அப்பாச்சி, கோமாஞ்சி, யூட் எனப் பல பழங்குடிகளிலிருந்து சிறுவயதிலேயே பிடிபட்டு, அன்று ஸ்பெயின் ஆண்ட, இன்று அமெரிக்க மாநிலமான நியூ மெக்சிகோவின் ஸ்பானியக் குடும்பங்களில் வளர்ந்தவர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும் 18ஆம் நூற்றாண்டில் ஹெனிசரோ என்றார்கள். எழுத்தைப் பார்த்து 'ஜெனிசாரோ' என்று சிலர் எழுதுகிறார்கள். ஸ்பானிய உச்சரிப்பில் அது ஹெ-தான்.

சொல்லின் வேர் துருக்கியில் இருக்கிறது. யெனி என்றால் புதிய, செரி என்றால் படை. பால்கன் பகுதிக் கிறித்தவச் சிறுவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து, மதம் மாற்றி, உஸ்மானிய சுல்தான்கள் உருவாக்கிய காலாட்படைக்கு அந்தப் பெயர். ஸ்பானிய மொழிக்கு வந்தபின் வெவ்வேறு நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்தவரையும் அது குறித்தது. நியூ மெக்சிகோவில் பழைய பொருளே திரும்பவும் பொருந்தியது. வேரறுந்த பிள்ளைகள், வளர்ந்ததும் எல்லைக் காவலுக்குக் குடியேற்றப்பட்டவர்கள்.

நியூ மெக்சிகோவின் வடக்கே தாவோஸ் என்ற தொல்குடி ஊரில் கூடும் சந்தையில் இந்தப் பிள்ளைகள் விலைக்கு வந்தார்கள். சட்டப்படி அது விற்பனை அல்ல, 'ரெஸ்காத்தே', அதாவது மீட்பு. ஆனால் கொடுத்த விலை பிள்ளையின் தலையில் கடனாக ஏறும். வீட்டுவேலை செய்தே அதைக் கழிக்க வேண்டும். நல்ல மீட்புதான்! தேவாலயத்தில் ஞானஸ்நானம், ஸ்பானியப் பெயர், ஞானப்பெற்றோர் எல்லாம் உண்டு. பதிவேட்டில் 'நவஹோ இனத்துச் சிறுமி' என்று குறித்து, வளர்க்கும் வீட்டுக்காரர் பெயரையும் எழுதுவார்கள். பெற்றவர்கள் பெயர் பெரும்பாலும் இராது.

வீட்டில் இவர்களுக்கு 'கிரியாதோ' என்று பெயர். வளர்க்கப்பட்டவர் என்பது நேர்ப்பொருள், வேலைக்காரர் என்பது வழக்குப்பொருள். 'வீட்டோடு வளர்ந்த பொண்ணு' என்று நம் ஊரில் சொல்லும்போதும் இந்த இரண்டும் கலந்துதான் ஒலிக்கின்றன.

1754இல் ஆளுநர் தோமாஸ் வேலெஸ் கச்சுபின், அபிக்கியூ என்ற இடத்தில் ஹெனிசரோக்களுக்கு நிலம் கொடுத்தார். அது சட்டப்படி ஒரு பூவெப்லோ. இந்தச் சொல்லுக்கு ஊர், மக்கள் என இரு பொருளும் உண்டு. 'ஊரே திரண்டது' என்கிறோமே, அந்த ஊர்தான். தாவோஸ், சூனி போன்ற தொல்குடிகளை மட்டும் அது குறிப்பதாக நினைத்தால் அபிக்கியூ புரியாது. பல குடிகளின் பிள்ளைகள் சேர்ந்து உருவான ஊர் அது. ஹோப்பி வழியினரும் அங்கே இருந்தார்கள்.

1821இல் மெக்சிகோ விடுதலை பெற்றபின் இத்தகைய சாதிப்பெயர்கள் ஆவணங்களிலிருந்து விலக்கப்பட்டன. வழக்கம் மட்டும் நிற்கவில்லை. நியூ மெக்சிகோ அமெரிக்காவின் கைக்குப் போனபின், 1863-64இல் அமெரிக்கப் படை நவஹோக்களின் பயிரை எரித்து, அவர்களைப் போஸ்கே ரெடோண்டோ என்ற தடுப்பு முகாமுக்கு நடத்திச் சென்றது. அந்தக் காலத்தில் பிடிபட்ட நவஹோ பிள்ளைகள் ஏராளமானோர் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தத்துப்பிள்ளை' பொருந்தாது, தத்துக்குச் சொத்துரிமை உண்டு, கொள்ளி வைக்கும் உரிமையும் உண்டு. 'அடிமை' என்றால் ஞானப்பெற்றோரும் பின்னால் கிடைத்த நிலமும் விடுபட்டுப்போகும். 'மீட்கப்பட்டவர்' என்பது வாங்கியவர்களின் கணக்கு. சீதையைச் சிறையெடுத்தான் என்கிறோமே, அந்தப் பழைய பொருளில் 'சிறைப்பிள்ளை' என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. சிறைச்சாலை என்று குழம்பாமலிருக்க முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் போதும். பிடிபட்டு வந்த குழந்தைக்கு மட்டுமே இந்தச் சொல். 2007இல் நியூ மெக்சிகோ சட்டமன்றம் ஹெனிசரோக்களைத் தொல்குடியினராக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த வழியினரே இன்று விரும்பிச் சொல்லிக்கொள்ளும் 'ஹெனிசரோ' என்ற பெயரை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதலாம்.