அந்த 0.05 கிராம்

மக்னீசியம் உலோகக்கலவைத் தூளை ஹைட்ரஜனில் வைத்து கிரெய்னை, அதாவது உலோகத்துக்குள் இருக்கும் படிகங்களை, பொடிசாக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் சிலிண்டரைப் பார்த்துப் பயப்படுவார்கள். தப்பில்லை. எனக்குப் பாடம் கிடைத்தது வேறு இடத்தில்.

தூளைச் சலித்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. சிறிதாவது துகள் அல்ல, துகளுக்குள் இருக்கும் கிரெய்ன். கொஞ்சம் அலுமினியம் கலந்த மக்னீசியமான ஏஇசட்31 தூளைச் சுமார் 350 டிகிரியில் ஹைட்ரஜன் அழுத்தத்தில் வைத்தால் மக்னீசியம் ஹைட்ரஜனோடு சேர்ந்து ஹைட்ரைடாக மாறும். அலுமினியம் மாறாமல் ஒதுங்கிவிடும். அப்புறம் அதே சூட்டில் வெற்றிடம் கொடுத்தால் ஹைட்ரஜன் கிளம்பிப் போய், எண்ணற்ற இடங்களில் மக்னீசியம் புதிதாக முளைக்கும். பெரிய கிரெய்ன் இருந்த இடத்தில் நூறு நானோமீட்டருக்கும் குறைந்தவை நிற்கும். நியோடிமியம் காந்தங்களுக்காக வந்த உத்தி இது.

ஒருமுறை வேக்யூம் கேஜ் முள் இறங்கியதும் முடிந்தது என்று தூளை எடுத்துச் சூடாக அழுத்தினோம். வில்லை பூரி மாதிரி உப்பி, ஓரம் வெடித்து வந்தது. உள்ளே ஹைட்ரைடு மிச்சம்! ஹைட்ரஜன் வெளியேறும்போது வெப்பத்தை உறிஞ்சும். அதனால் சுவரோரம் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் 350 காட்டினாலும் குவியலின் நடுவில் அவ்வளவு சூடு இராது. சூட்டை ஏற்றலாமே என்று தோன்றும். ஏற்றினால் கிரெய்ன் வளர்ந்து, பட்ட பாடு வீண். தூளை மெல்லியதாகப் பரப்பி, நேரத்தைத்தான் கூட்ட வேண்டும்.

இப்போது தராசைத்தான் நம்புகிறேன். 10 கிராம் ஏஇசட்31 முழுதும் ஹைட்ரைடானால் சுமார் 0.8 கிராம் கூடும். கடைசியில் அது முழுக்கக் கழிய வேண்டும். 0.05 கிராம் தங்கினால்கூட அரை லிட்டருக்கு மேல் வாயு. காற்றுப் பட்டு ஆக்சைடு ஏறினாலும் எடை கூடும் என்பதால், ஆர்கான் நிரம்பிய கிளவ் பாக்ஸுக்குள்ளேயே (கையுறை பொருத்திய மூடிய பெட்டி) நிறுத்து, சந்தேகமிருந்தால் உள்ளே ஹைட்ரைடு இருக்கிறதா என்று காட்டும் எக்ஸ்ரே டிஃப்ராக்ஷனும் பார்த்துவிடுவோம்.

சிந்திய தூளை ஈரத்துணியால் துடைக்கப் போன கையை நானே பிடித்து நிறுத்தியிருக்கிறேன். ஈரம் பட்டால் மறுபடி ஹைட்ரஜன்தான். எரியும் மக்னீசியம் கார்பன் டை ஆக்சைடையும் விடாது, அதிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கி எரியும். அதனால் மூலையில் இருந்த கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை எடுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது அங்கே ஒரு வாளி உலர்ந்த உப்பு. மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மழைக்காலத்தில் தினமும் பார்ப்பது என் வேலை.