மூட்டுக்குள் விளையும் படிகங்கள்

சேலத்தில் நிலவியல் படித்தவர்கள், சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் பாறையை 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டி, ஒளியை ஒரே தளத்தில் அதிரச் செய்து காட்டும் முனைவாக்க நுண்ணோக்கியில் பார்த்திருப்பார்கள். கருங்கல்லாகக் கிடந்தது அங்கே வண்ணங்களாக விரியும். அதே வகை நுண்ணோக்கியில்தான் அமெரிக்க மருத்துவர்கள் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் மூட்டு திடீரென வீங்கி வலிக்கும் கவுட் நோயாளிகளின் மூட்டுநீரை வைத்து, அதில் மின்னும் ஊசிகள் யூரிக் அமிலத்தின் உப்பான யூரேட் படிகங்களே என்று 1961-இல் காட்டினார்கள். நுண்ணோக்கியில் சிவப்புத் தகடு ஒன்றைச் செருகினால், அதன் அச்சுக்கு இணையாகக் கிடக்கும் யூரேட் ஊசி மஞ்சளாகவும் குறுக்கே கிடப்பது நீலமாகவும் தெரியும். கவுட் போலவே வலித்த சிலரின் மூட்டுநீரிலோ, இந்த நிறங்கள் தலைகீழாக மாறும் கட்டையான படிகங்கள் இருந்தன. அவை கால்சியம் பைரோபாஸ்பேட். அந்நோய்க்குப் போலி கவுட் என்று பெயர் வந்தது. மூன்றாவது வகையான கால்சியம் பாஸ்பேட் துகள்கள் சாதாரண நுண்ணோக்கிக்குத் தனித்தனியாக அகப்படாத அளவுக்குச் சிறியவை.

உடல் வெப்பத்தில் 100 மி.லி. இரத்தத்தில் ஏறத்தாழ 6.8 மி.கி. யூரேட்தான் கரைந்து நிற்கும். குளிர்ந்தால் அதுவும் குறையும். உடலின் நடுப்பகுதியைவிடக் குளிர்ந்திருக்கும் கால் பெருவிரலில் கவுட் பெரும்பாலும் தொடங்குவதற்கு இது ஒரு காரணம். ஆனால் யூரிக் ஆசிட் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து முடிவு கட்டுவது அவசரம் என்பேன்; அளவு கூடிய பலருக்குக் கவுட் வருவதேயில்லை, வலி உச்சத்தில் இருக்கும்போது அளவு இயல்பாகவும் இருக்கலாம்.

பைரோபாஸ்பேட்டின் கதை வேறு. குருத்தெலும்புச் செல்கள் வெளிவிடும் பைரோபாஸ்பேட்டைச் சிதைக்கும் நொதிக்கு மக்னீசியம் வேண்டும். மக்னீசியம் குறைந்தவர்களுக்கு இப்படிகங்கள் இளவயதிலேயே சேரக்கூடும். சேலத்து வெள்ளைக்கல் மக்னீசியம் கார்பனேட்தான் என்றாலும், இரத்தத்தின் மக்னீசியத்தைத் தீர்மானிப்பவை குடலும் சிறுநீரகமுமே. நாம் நடக்கும் மண் அல்ல.

படிகம் மூட்டை மணல்போல் அறுப்பதால் வலிக்கிறது என்று எண்ணத் தோன்றும். உண்மையில், படிகத்தை விழுங்கும் தற்காப்புச் செல்களுக்குள் என்எல்ஆர்பி3 என்னும் புரதக் கூட்டு விழித்து, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டாவை வெளியேற்றுகிறது. 2006-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. இரத்த நாளங்கள் விரிந்து வெள்ளணுக்கள் திரளவே, நள்ளிரவில் போர்வை பட்டாலும் தாங்காத வலி பிறக்கிறது.

இந்தத் திரளலை அடக்கும் மருந்தான கொல்கிசின், நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உள்ள பொருள். மருந்தின் அளவு சற்றே மீறினாலும் நஞ்சாகும் என்பதால், கிழங்கை நேரடியாக உண்பது உயிருக்கு ஆபத்து. கொல்கிசின் படிகத்தைக் கரைப்பதில்லை. அல்லோபியூரினால் என்னும் மருந்தைக் கொண்டு யூரேட் அளவைத் தாழ்த்தி வைத்தால் பழைய ஊசிகள் மாதக்கணக்கில் மெல்லக் கரையும். பைரோபாஸ்பேட்டைக் கரைக்க அப்படி ஒரு மருந்து இன்னும் இல்லை.