நிற்கும் ட்ரெய்லர் ஓடுவது போலத்தான் தெரியும்

வட சென்னையில் எண்ணூர் விரைவுச் சாலை, மணலி, மாதவரம் பக்கம் இரவில் பைக்கில் போகிறவர்கள் இடது ஓரமாகப் போகிறார்கள். சரியான பழக்கம்தான். ஆனால் துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கண்டெய்னர் ட்ரெய்லர்களும், டயர் வெடித்த லாரிகளும் நிற்பது அதே ஓரத்தில்.

60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் நகர்ந்துவிடுவோம். பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி. அதற்குள் 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 20 மீட்டருக்கு மேல் வேண்டும். டிம் லைட்டில் அழுக்கேறிய ட்ரெய்லர் முதுகு தெரிவதோ 30, 40 மீட்டரில். எதிரே வருபவர் ஹை பீம் அடித்தால் அதுவும் கிடையாது. வெளிச்சம் இல்லாத இடத்தில் 40 கி.மீ.க்கு மேல் போகாதீர்கள் என்பது இந்தக் கணக்கால்தான்.

பின்விளக்கு எரிந்தாலே போதும் என்று பல ஓட்டுநர்கள் நினைக்கிறார்கள். போதாது. எரியும் சிவப்பு விளக்கை மட்டும் பார்த்து அந்த வண்டி நிற்கிறதா, ஓடுகிறதா என்று தூரத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது. நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னினால்தான் புரியும். பேட்டரி இறங்கினால் அதுவும் அணைந்துவிடும் என்பதால் எச்சரிக்கை முக்கோணம் கட்டாயம். வண்டியிலிருந்து குறைந்தது 50 மீட்டர், வேகமான சாலையில் 100 மீட்டர் பின்னால் வையுங்கள். வளைவிலோ மேம்பாலத்திலோ நின்றுவிட்டால், வளைவோ ஏற்றமோ தொடங்கும் முன்பே வைக்க வேண்டும். வைக்கப் போகும்போது சாலை விளிம்பிலேயே நடந்து, முக்கோணத்தை வரும் வண்டிகளுக்குத் தெரியும்படி பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒளிர் பட்டை, அதாவது வெளிச்சம் பட்டால் மின்னும் ஸ்டிக்கர், வண்டியின் பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். நிலக்கரித் தூசியும் கடல் உப்பும் படிந்த பட்டை ஒட்டியும் பயனில்லை. ஈரத்துணியால் தினமும் துடையுங்கள். சோதிக்க, 30 அடி தள்ளி நின்று டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடித்துப் பாருங்கள். வெளிச்சம் வந்த திசைக்கே திரும்புவதால் இடுப்பருகே பிடித்தால் நல்ல பட்டையும் மங்கலாகத் தெரியும். ட்ரெய்லருக்குப் போகும் மின்கேபிளின் பிளக்கில் உப்புப் பூத்தால் பின்விளக்கு முழுவதும் அணைந்துபோகும். முன்னால் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு அது தெரியவே தெரியாது. இறங்கிப் பார்த்தே ஆகவேண்டும்.

பின்புற இரும்புத் தடுப்பு தரையிலிருந்து 550 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. யார்டில் இடித்து மேலே மடிந்ததை அப்படியே விட்டால், மோதும் காரின் பானெட் அடியில் நுழைந்துவிடும். அடியை வாங்குவது கண்ணாடியும் அதன் பின்னால் இருக்கும் தலைகளும்.

பின்னால் வருபவர்களுக்கு ஒன்று: முன்னே போகும் லாரி திடீரென வலது பக்கம் ஒதுங்கினால், இடதில் கிடைத்த இடைவெளியில் புகுந்து முந்தாதீர்கள். அங்கே ஏதோ நிற்கிறது என்றுதான் அவர் ஒதுங்குகிறார்.

முக்கோணத்துக்குப் பதிலாகக் கல்லும் மரக்கிளையும் வைக்கவே வைக்காதீர்கள். லாரி கிளம்பிய பிறகும் கல் அங்கேயே கிடக்கும், அடுத்து வரும் பைக் அதில்தான் ஏறும். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி பழுதானால் 1033, அடிபட்டவர்கள் இருந்தால் 108.