கையெழுத்து இன்று, கல்லூரி பிறகு: பென்சில்வேனியாவின் படைக் குடும்பக் கல்வி உதவி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பகுதிநேரப் படைவீரர் ஒருவரின் மகள் கல்லூரியில் சேரும்போது, அவளுடைய கட்டணத்தை மாநில அரசு ஏற்குமா இல்லையா என்பது அவள் விண்ணப்பிக்கும் நாளில் முடிவாவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன், அவள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில்கூட இருக்கலாம், அவளுடைய தந்தையோ தாயோ பணி நீட்டிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்களா என்பதைப் பொறுத்தே அது அமைகிறது. 2019 ஜூலையில் அப்போதைய ஆளுநர் டாம் உல்ஃப் கையெழுத்திட்டுச் சட்டமாக்கிய இத்திட்டத்தின் பெயர் ராணுவக் குடும்பக் கல்வித் திட்டம். படைவீரரின் மனைவி அல்லது கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு மாநில அரசே இவ்வாறு தனியாகக் கல்விக் கட்டணம் தருவது அமெரிக்காவில் இதுவே முதல் முறை என்று அறிவிக்கப்பட்டது.

இத்திட்டம் ஏற்பது ‘டியூஷன்’ மட்டுமே. அந்தச் சொல் நம் காதில் மாலைநேரத் தனிவகுப்பாகவே விழும். அங்கே அது கல்லூரி வாங்கும் கல்விக் கட்டணத்தைக் குறிக்கிறது. விடுதி வாடகை, சாப்பாடு, புத்தகச் செலவு ஆகியவை அதில் சேரா. அவற்றைக் குடும்பம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்திட்டம் தேசியக் காவற்படையினருக்கானது. மாதத்தில் ஒரு வார இறுதியும் ஆண்டில் இரண்டு வாரமும் பயிற்சிக்கு வந்து, மற்ற நாட்களில் கடையிலோ அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ வேலை பார்ப்பவர்களே இதில் பெரும்பாலோர். இவர்களைப் போலவே பகுதிநேரமாகப் பணிபுரியும் ராணுவ ரிசர்வ் பிரிவினர் முழுக்க மத்திய அரசைச் சேர்ந்தவர்கள். காவற்படையோ அமைதிக் காலத்தில் மாநில ஆளுநரின் ஆணைக்கு உட்பட்டது. வெள்ளமோ பனிப்புயலோ வந்தால் அவர்தான் அழைப்பார். ஆகவே மாநிலம் தன் கருவூலத்திலிருந்து பணம் எடுத்துத் தக்கவைக்க நினைப்பதும் இந்தப் படையைத்தான். 

வீரர் தாமே படிப்பதற்கு வேறொரு கல்வி உதவித் திட்டம் முன்பிருந்தே உண்டு. ஆறு ஆண்டுப் பணிக்கு உறுதி கொடுத்தால் அதைப் பெறலாம். பத்தொன்பது வயதில் படையில் சேரும் இளைஞருக்கு அது போதுமான ஈர்ப்புதான். ஆனால் ஆறு ஆண்டு முடிந்து இருபத்தைந்து வயதாகும்போது அவர் பட்டம் பெற்றிருப்பார், திருமணமும் ஆகியிருக்கலாம், வார இறுதிகளை வீட்டில் கழிக்க விரும்புவார். நன்கு பயிற்சி பெற்றவர் வெளியேறுவது இந்தக் கட்டத்தில்தான். இங்கேதான் குடும்பத் திட்டம் நுழைகிறது: இன்னும் ஆறு ஆண்டு பணியாற்ற ஒப்புக்கொண்டால், குடும்பத்தினருக்கு ஐந்து கல்வியாண்டுகளுக்கு, அதாவது பத்து செமஸ்டர்களுக்கு, கட்டண உதவி கிடைக்கும். வீரர் தம் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பது இதன் பெரிய நன்மை. மத்திய அரசும் 9/11க்குப் பிந்தைய ஜி.ஐ. சட்டத்தின் கீழ் வீரர்களுக்குக் குறிப்பிட்ட மாதங்களுக்குக் கல்வி உதவி தருகிறது; ஆனால் அதைப் பிள்ளைக்கு மாற்றினால், வீரருக்குரிய மாதங்களிலிருந்தே அது கழிக்கப்படும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கல்லூரி கேட்கும் தொகை முழுவதையும் அரசு கட்டிவிடுவதில்லை. மாநில அரசுக்குச் சொந்தமான பல்கலைக்கழகங்கள் அடங்கிய மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு தன் மாநில மாணவர்களுக்கு விதிக்கும் கட்டணமே உச்சவரம்பு. அந்தக் கட்டணம் 2018-19 முதல் ஆண்டுக்கு 7,716 டாலராகவே நின்றிருந்தது. 2025-26இல் 7,994 டாலராக உயர்ந்தது. வெஸ்ட் செஸ்டர், குட்ஸ்டவுன், ஷிப்பென்ஸ்பர்க் போன்ற, அந்த அமைப்பைச் சேர்ந்த பல்கலைக்கழகத்தில் மகள் சேர்ந்தால், அந்த ஆண்டுக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கான 3,997 டாலர் கல்விக் கட்டணம் அப்படியே அடைபடும். கட்டணச் சீட்டில் அந்த வரிக்குக் கீழே தனித்தனியாக வரும் இதர கட்டணங்கள் அப்படியே நிற்கும். இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியின் கட்டணம் வரம்புக்குள் இருந்தால் அதுவும் முழுமையாக அடைபடும்.

பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் வேறு கதை. பெயரில் ‘ஸ்டேட்’ இருப்பதால் அதுவும் மாநில அமைப்புக்குள் வரும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது அரசின் நிதியுதவி பெறும் தனி நிறுவனம். அதன் முதன்மை வளாகத்தில் ஆண்டுக் கட்டணம் 20 ஆயிரம் டாலரை ஒட்டி இருக்கும். அரசு தருவது அதே 7,994தான். மீதமுள்ள சுமார் 12 ஆயிரத்துக்குக் குடும்பம் வேறு வழி தேட வேண்டும். திட்டத்தைப் பற்றிய செய்திகளில் ‘இலவசம்’ என்ற சொல் முன்னால் வந்து ‘அல்லது குறைந்த கட்டணம்’ என்பது பின்னால் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் இந்த வேறுபாடே. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. மேலும், கல்லூரி பென்சில்வேனியாவுக்குள் இருக்க வேண்டும். மாநில உயர்கல்வி உதவி முகமையின் ஏற்பும் பெற்றிருக்க வேண்டும்.

கையெழுத்தின் கனத்தையும் சொல்லியாக வேண்டும். ஆறு ஆண்டு உறுதியை நிறைவேற்றாமல் இடையில் விலகினால், குடும்பத்துக்காக அரசு செலுத்திய தொகையைத் திருப்பிக் கட்ட நேரிடும். மகள் மூன்றாம் ஆண்டில் இருக்கும்போது தந்தை பணியை விட்டால், முந்தைய செமஸ்டர்களின் தொகை கடனாக வந்து நிற்கக்கூடும். உதவியை உடனே பயன்படுத்தும் குடும்பங்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். பிள்ளை சிறியதாக இருந்து, பணி முடிந்தபின் கல்லூரிக்குப் போகும் வீட்டில் அந்தக் கவலை இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு 26 வயது என்ற எல்லை இருப்பதை அவர்கள் மறக்கக் கூடாது.

எனவே, முதல் ஆறு ஆண்டின் கடைசி ஆண்டில் இருப்பவர், பணி நீட்டிப்பு ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்குக் கொடுப்பவரிடம் ஊக்கத்தொகை எவ்வளவு என்று கேட்கும் அதே மூச்சில் குடும்பக் கல்வி உதவிக்கான விண்ணப்பத்தையும் கேட்க வேண்டும். கூடவே, மனைவி அல்லது கணவரின் பெயரும், சென்ற மாதம் பிறந்த குழந்தையின் பெயர் உட்பட எல்லாப் பிள்ளைகளின் பெயரும் படைத்துறையின் குடும்பப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.