சொல் விளக்கம்: காயக் கண்காணிப்பு

பொது சுகாதாரத் துறையில் 'இஞ்சுரி சர்வைலன்ஸ்' என்றொரு சொல் புழங்குகிறது. குழந்தைகள் விழுவது, சுட்டுக்கொள்வது, தண்ணீரில் மூழ்குவது, மண்ணெண்ணெயைக் குடித்துவிடுவது, வண்டியில் அடிபடுவது எல்லாவற்றையும் விடாமல் பதிந்து எண்ணுகிறார்கள். எந்த வயதில், எந்த இடத்தில், எதனால் நடந்தது என்று பிரித்துப் பார்க்கிறார்கள். தெரிந்ததைத் தடுக்க வேண்டியவர்களிடம் தொடர்ந்து சொல்கிறார்கள். இந்த மொத்த வேலைக்கும் அதுதான் பெயர். தமிழில் 'காயக் கண்காணிப்பு' என்று எழுதலாம். ஆனால் 'காயம்', 'கண்காணிப்பு' இரண்டுமே தமிழ்க் காதில் வேறு பொருளாக விழக்கூடியவை. அதனால் இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

'சர்வைலன்ஸ்' பிரெஞ்சிலிருந்து வந்தது. 'சுர்' என்றால் மேலே. 'வேயே' என்றால் விழித்திருத்தல். விழித்திருப்பதைக் குறிக்கும் 'விகிலாரே' என்ற லத்தீன் வினைதான் வேர். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-ல், ஊர் ஊராகக் கண்காணிப்புக் குழுக்கள் அமைத்து, சந்தேகப்பட்டவர்களை வேவு பார்த்தார்கள். அந்தக் காலத்தை ஒட்டித்தான் சொல் ஆங்கிலத்துக்குள் போனது. மருத்துவத்திலும் முதலில் இதே வாடைதான். பிளேக், பெரியம்மை நோயாளியோடு பழகிய ஒருவருக்கு நோய் வருகிறதா என்று அந்த ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பதைத்தான் இந்தச் சொல் குறித்தது.

இதை மாற்றியவர் அலெக்ஸாண்டர் லாங்மியூர், அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிறுவனமான சி.டி.சி.யில் 1949 முதல் தலைமைத் தொற்றுநோயியலாளராக இருந்தவர். ஆளை விட்டுவிட்டு நோயைப் பார்க்க வேண்டும் என்று 1963-ல் எழுதிய கட்டுரையில் அவர் சொன்னார். தகவலை முறையாகத் திரட்ட வேண்டும், தொகுக்க வேண்டும், எடைபோட வேண்டும், தெரிய வேண்டிய எல்லோருக்கும் ஒழுங்காகத் தெரிவிக்க வேண்டும். கடைசியில் சொன்ன 'தெரிவித்தல்' இல்லாவிட்டால் முதல் மூன்றும் அலமாரியில் தூங்கும் காகிதம்தான். 1968-ல் உலக சுகாதாரப் பேரவையும் இதை விவாதித்தது. தொற்றுநோய்க்கென்று உருவான இந்த முறை பிறகு காயங்களுக்கும் பரவியது.

இப்போது தமிழுக்கு வருவோம். 'கண்காணி' பழைய சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'ஸ்ரீமாகேசுவரக் கண்காணி செய்வார்' என்று ஒரு பொறுப்பே உண்டு. கோயில் காரியங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்ப்பவர்கள் அவர்கள். 'கண்காணி இல்லென்று கள்ளம் பல செய்வார்' என்று பாடும் திருமூலர், இறைவனையே கண்காணி ஆக்குகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக்கும் மலாயாவுக்கும் தோட்ட வேலைக்கு ஆள் பிடித்து, முன்பணம் என்ற கடனில் கட்டி, மேய்த்து வேலை வாங்கியவர் 'கங்காணி'. மலையகத் தமிழரிடம் அந்தச் சொல்லுக்கு இன்னும் வலி இருக்கிறது. இன்று காவல் கண்காணிப்பாளர், கண்காணிப்பு கேமரா, தேர்வறைக் கண்காணிப்பாளர் என்று எங்கும் அதிகாரத்தின் பார்வையாகவே சொல் நிற்கிறது.

இத்தனை பொருளில் பொது சுகாதாரத்துக்கு நெருக்கமானது கோயில் கண்காணிதான் என்பது என் எண்ணம். தன்னிடம் ஒப்படைத்த ஒன்று குறையாமல் இருக்கிறதா என்று பொறுப்போடு பார்ப்பவர் அவர். குழந்தைக் காயங்களைக் கண்காணிப்பவரும் அப்படித்தான். தாயை வேவு பார்ப்பது அவர் வேலை ஆகவே கூடாது.

அடுத்து 'இஞ்சுரி'. லத்தீனில் 'இன்' என்றால் இல்லாமை, 'யூஸ்' என்றால் நியாயம். 'இன்யூரியா' என்றால் அநியாயம், ஒருவருக்கு இழைத்த தீங்கு. உடம்பில் படும் அடி என்பது பின்னால் அழுத்தம் பெற்ற பொருள். குழந்தைகள் விஷயத்தில் அந்த மூலப் பொருளை மறக்கவே கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. கைப்பிடி இல்லாத மாடியும் மூடி இல்லாத தொட்டியும் அந்தக் குழந்தை கேட்டு வாங்கியவை அல்லவே.

பொது சுகாதாரத்தில் இஞ்சுரி என்பதற்கு விரிந்த விளக்கம் உண்டு. அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாடன் 1960-களிலிருந்து வலியுறுத்தியது அது: உடம்பு தாங்குவதைவிட அதிகமான ஆற்றல் திடீரென்று வந்து தாக்குவது, அல்லது மூச்சுக்காற்று போல உயிருக்குத் தேவையான ஒன்று திடீரென்று இல்லாமல் போவது. விழுந்தால் இயக்க ஆற்றல், கொதிக்கும் சாம்பார் கொட்டினால் வெப்பம், கழிவறை ஆசிட் பட்டால் வேதி ஆற்றல், தண்ணீரில் மூழ்கினால் ஆக்சிஜன் இழப்பு. எல்லாமே இஞ்சுரி.

தமிழில் 'காயம்' அவ்வளவு அகலம் இல்லை. தோல் கிழிந்து ரத்தம் வந்தால் காயம். எலும்பு முறிந்தால்கூட 'அடி' என்கிறோம். மூழ்கிய குழந்தைக்குக் காயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'புண்' இன்னும் குறுகியது. பழந்தமிழில் 'ஊறு' இருக்கிறது. கேடு, தீங்கு என்ற பொருளில் எதையும் உள்ளடக்கும். பொருளை மட்டும் பார்த்தால் அதுதான் சரியான இணைச்சொல். சட்டநூலில் 'ஊறு' என்று எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மருத்துவமனைப் பலகையிலோ செவிலியரின் படிவத்திலோ அதைப் போட்டால் படிப்பவர் தடுமாறுவார். ஆகவே, பொருளை விரித்துக்கொண்டு 'காயம்' என்றே வைக்கலாம். படிவத்தின் முதல் பக்கத்திலேயே 'மூழ்குதல், நஞ்சு உட்கொள்ளுதல், தீப்புண், மூச்சுத்திணறல் உட்பட' என்று ஒரு வரி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

'மூழ்குதல்' அந்த வரியில் இல்லாமல் போனால் என்ன இழப்பு என்பதை வங்கதேசத்தின் மத்லாப் காட்டுகிறது. டாக்காவுக்குத் தென்கிழக்கே, ஆறும் வாய்க்காலும் குட்டையும் நிறைந்த பகுதி. காலரா ஆராய்ச்சிக்காக அங்கே வேர்விட்ட நிறுவனம், இன்றைய ஐ.சி.டி.டி.ஆர்.,பி., 1966 முதல் கிராமங்களின் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வைத் தொடர்ந்து பதிந்து வருகிறது. களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போவார்கள்; இறந்த குழந்தை எதனால் இறந்தது என்று கேட்டு எழுதுவார்கள். தடுப்பூசியும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் வந்தபின் தட்டம்மை, வயிற்றுப்போக்கு மரணங்கள் குறைந்தன. அப்போதுதான் அதுவரை பெரிதாகத் தெரியாத ஒன்று மேலே வந்தது. 1 முதல் 4 வயது வரையான குழந்தைகளின் இறப்பில் மூழ்கியவை 1983-ல் 9 சதவீதம்; 2000-ல் 53 சதவீதம். தண்ணீர் புதிதாக ஆபத்தாகிவிடவில்லை. மற்ற மரணங்கள் விலகியதும் இது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். யாரும் எழுதிவைத்திருக்காவிட்டால் இது எவருக்கும் தெரிந்திருக்காது. இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் மருத்துவமனை வாசலையே மிதிக்காதவர்கள்.

இறப்பை மட்டும் எண்ணாமல், நேரத்தையும் இடத்தையும் கேட்டார்கள். வீட்டை ஒட்டிய குட்டை. காலை 9 மணிக்குப் பிறகு மதியம் வரை. தாய் சமையலிலும் தண்ணீர் எடுப்பதிலும் இருக்கும் நேரம். அந்த விவரத்திலிருந்துதான் பரிகாரமும் பிறந்தது. ஊரிலேயே ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து, அந்த நேரத்தில் சிறு குழந்தைகளை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மையங்களை வைத்தார்கள். பெயர் 'ஆஞ்சல்'. வங்காளியில் அது சேலையின் முந்தானை. இந்தப் பெயரை வைத்தவர்கள் குழந்தை வளர்த்தவர்கள் என்றே நினைக்கிறேன். 2022-ல் வங்கதேச அரசு இப்படிப்பட்ட 8,000 மையங்களுக்கான திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது.

நியூயார்க்கிலும் இதே வழிதான், இடம்தான் வேறு. அங்கே அடுக்குமாடி ஜன்னல்களிலிருந்து குழந்தைகள் விழுந்தார்கள். 1972-ல் நகர சுகாதாரத் துறை ஒரு திட்டம் தொடங்கியது. ஜன்னலிலிருந்து விழுந்த ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் மருத்துவமனை அவசரப் பிரிவும் காவல் நிலையமும் தெரிவிக்கும். செவிலியர் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். ஜன்னல் கம்பி இலவசமாகக் கொடுப்பார்கள். 1973-க்கும் 1975-க்கும் இடையில் இத்தகைய இறப்புகள் 35 சதவீதம் குறைந்தன. 1976-ல், 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் வாழும் குடியிருப்புகளில் கட்டட உரிமையாளரே கம்பி போட வேண்டும் என்று விதி வந்தது. 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்று தாய்க்குச் சொல்வதிலிருந்து 'கம்பியைப் போடு' என்று உரிமையாளருக்குச் சொல்வது வரை வந்ததற்கு அந்தப் பதிவுகளே ஆதாரம்.

இந்த இடத்தில் 'விபத்து' என்ற சொல்லையும் தொட்டாக வேண்டும். ஆங்கில 'ஆக்சிடென்ட்'டின் வேர் 'வந்து விழுவது' என்ற பொருள். யாரும் காரணம் இல்லை என்ற தொனி அதில் உண்டு. அதனாலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2001-ல் அந்தச் சொல்லைத் தன் பக்கங்களில் தவிர்ப்பதாக அறிவித்தது. தமிழில் நமக்கு 'விபத்து'கூட அவ்வளவு தடையில்லை. அதைவிடத் தடையானது 'தவறி விழுந்து' என்ற செய்தித்தாள் தொடர். 'தொட்டியில் தவறி விழுந்து குழந்தை பலி' என்று படித்தால், தவறியது ஒன்றரை வயதுக் குழந்தை என்றுதான் பொருள் வருகிறது. தொட்டிக்கு ஏன் மூடி இல்லை என்ற கேள்வி எழவே எழாது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 'ஏ.ஆர்.' என்ற ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர் உண்டு. அடிபட்டு வருபவரின் பெயர், வயது, அங்க அடையாளம், யார் அழைத்து வந்தார், 'வீட்டில் மாலை 5 மணிக்குத் தவறி விழுந்ததாகக் கூறப்படுகிறது' என்பது போன்ற விவரம், என்னென்ன காயம் என்று அதில் எழுதுவார்கள். வழக்கு, இன்சூரன்ஸ் என்றால் எல்லோரும் கேட்பது 'ஏ.ஆர். காப்பி'யைத்தான். இது நல்ல பதிவேடு. ஆனால் நீதிமன்றத்துக்காகப் பிறந்தது. யார் செய்தது என்பதே அதன் கேள்வி. காயக் கண்காணிப்பு கேட்பது எது செய்தது என்று. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பிலும் இந்தப் பிரிவு உண்டு. காயம் எப்படிப்பட்டது என்பதற்கு எஸ், டி என்று தொடங்கும் குறியீடுகள். எதனால் வந்தது என்பதற்கு வி, டபிள்யூ, எக்ஸ், ஒய் என்று தொடங்குபவை. தலைக்காயம் என்று மட்டும் எழுதி நிறுத்தினால் சிகிச்சைக்குப் போதும். மாடியிலிருந்தா, கட்டிலிலிருந்தா, ஊஞ்சலிலிருந்தா என்று எழுதாவிட்டால் தடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

சரி, எந்தச் சொல்லை எதற்கு வைப்பது? முழு அமைப்புக்கும் 'காயக் கண்காணிப்பு'. எழுதும் ஏட்டுக்குக் 'காயப் பதிவேடு'. மருத்துவமனையிலிருந்து மேலிடத்துக்குச் சொல்வதற்கு 'தெரிவித்தல்'. 'புகார்' என்ற சொல்லை இதன் பக்கம் விடவே கூடாது, பெற்றோர் பயந்து பொய் சொல்வார்கள். திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் 'மானிட்டரிங்'கையும் கண்காணிப்பு என்றே எழுதிக் குழப்புகிறோம். அதற்குச் 'செயல்பாட்டு ஆய்வு' போதும்.

வீட்டு வாசலில் நின்று கேட்கும்போது மட்டும் இந்தப் பெயர்ச்சொல் எதுவும் வேண்டாம். 'குழந்தைக்குக் காயம் ஏதாவது பட்டதா?' என்று கேட்டால், பாட்டிலில் ஊற்றிவைத்த மண்ணெண்ணெயைக் குழந்தை குடித்த வீட்டிலும் 'இல்லைம்மா' என்றுதான் பதில் வரும். விழுந்ததா, சுட்டுக்கொண்டதா, தண்ணீரில் மூழ்கி எடுத்தீர்களா, எதையாவது எடுத்துக் குடித்ததா, தொண்டையில் எதுவும் சிக்கியதா, நாய் கடித்ததா, வண்டி இடித்ததா என்று ஒவ்வொரு வினையாகக் கேட்க வேண்டும். பிழைத்துக்கொண்ட குழந்தைகளைப் பற்றியும் கேட்க வேண்டும்.