மார்ட்டிர்: தியாகியா, சாட்சியா?

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. கறுத்த ஆற்று நீரில் ஓர் இளம்பெண் மல்லாந்து மிதக்கிறாள். வெளிர் உடை நனைந்து கிடக்கிறது. இரண்டு கைகளையும் சேர்த்துக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். முகத்துக்கு மேலே மெல்லிய ஒளிவட்டம். தூரத்துக் கரையில், மங்கிய வெளிச்சத்தில் இரண்டு உருவங்கள். போல் டெலரோஷ் 1855-இல் வரைந்தது; அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். தூரிகைத் தடமே தெரியாத அந்த வழவழப்பு, பிரெஞ்சுக் கலைக்கழகப் பாணிக்கு உரியது. ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் காலத்தில், கிறிஸ்தவள் என்பதற்காக டைபர் ஆற்றில் தள்ளப்பட்டவள் இவள்.

ஓவியத்தின் பிரெஞ்சுப் பெயர் 'லா ஜூன் மார்ட்டீர்'. 'ஜூன்' என்றால் இளம்; 'மார்ட்டீர்' ஆங்கிலத்தில் 'மார்ட்டிர்', நம்பிக்கைக்காக உயிர்விட்டவர். இதைத் தமிழில் 'இளம் தியாகி' என்று எழுதினால் சரியாகத்தான் தோன்றும். ஆனால் பொருந்தாது.

கிரேக்கத்தில் 'மார்ட்டுஸ்' என்றால் சாட்சி. வழக்கில் சாட்சி சொல்ல வருபவருக்கும் அதே சொல்தான். 'நான் கிறிஸ்தவன்' என்று வாய்விட்டுச் சொல்லி, அதற்காகவே கொல்லப்பட்டவர்கள் பெருகப் பெருக, சாட்சி என்ற சொல்லே நம்பிக்கைக்காக மாண்டவரைக் குறிக்கத் தொடங்கியது. லத்தீன் வழியாக மற்ற மொழிகளுக்குப் போனபோது சாட்சி உதிர்ந்து சாவு மட்டும் மிஞ்சியது. அரபியின் 'ஷஹீத்'தும் சாட்சி என்ற வேரில் வந்ததுதான்.

தியாகி வேறு வழியில் வந்தவர். 'த்யஜ்' என்ற வடமொழி வேருக்கு விடுதல், துறத்தல் என்று பொருள். பழைய தமிழில் தியாகம் என்றால் கொடை. சிறைக்குப் போய்த் திரும்பி, பென்ஷன் வாங்கிக்கொண்டு நெடுநாள் வாழ்ந்தவரும் தியாகிதான். மார்ட்டிருக்கு அந்த வசதி கிடையாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? புதிதாக உருவாக்கவே வேண்டாம். சீர்திருத்தச் சபையார் 'இரத்தசாட்சி' என்பார்கள். கத்தோலிக்கர் முன்பு 'வேதசாட்சி' என்றார்கள், இப்போது 'மறைசாட்சி' என்கிறார்கள். 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயத்தைக் குமரிப் பக்கம் மறைசாட்சி என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலம் தொலைத்துவிட்ட பழைய பொருளை இந்தச் சொற்கள் அப்படியே வைத்திருக்கின்றன. இரத்தசாட்சியும் நல்ல சொல்தான். ஆனால் டெலரோஷின் ஓவியத்தில் ஒரு சொட்டு இரத்தம்கூட இல்லை, எல்லாம் தண்ணீர். அதனால் என் ஓட்டு 'இளம் மறைசாட்சி'க்கு.

சாட்சியும் வடசொல்தானே என்று கேட்பவர்களுக்கு: பழந்தமிழில் சாட்சிக்குக் 'கரி' என்று பெயர். பொய்ச்சாட்சிக்குப் 'பொய்க்கரி'. குறளிலும் கரி இந்தப் பொருளில் வருகிறது. அழகான சொல்தான். ஆனால் ஓவியத்தின் கீழே 'இளங்கரி' என்று எழுதிவைத்தால், பாதிப் பேர் அடுப்புக்கரியை நினைப்பார்கள், தமிழ் படித்த மீதிப் பேர் யானைக்குட்டியைத் தேடுவார்கள்.