வேலூர் வெயிலும் 0.04 சதவீதக் கணக்கும்

வேலூரில் வெயில் சதம் அடித்தால் போதும், மறுநாளே அந்த வாட்ஸ்அப் செய்தி சுற்றத் தொடங்கிவிடுகிறது: "காற்றில் கரியமில வாயு வெறும் 0.04 சதவீதம். அதுவா பூமியைச் சூடாக்கும்?" இப்போது அறிவியல் பாடம் நடத்துகிறவர்களே இதை அனுப்புகிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். தரையிலிருந்து மேலே எழும் வெப்பக் கதிரை இவை இரண்டும் ஏறக்குறையத் தடுப்பதே இல்லை. பிறகு அவற்றையும் சேர்த்துச் சதவீதம் போட்டால் என்ன தெரியும்? பந்தலுக்கு எத்தனை கால் நட்டோம் என்று எண்ணியா நிழலை அளக்கிறோம்? கீற்று எவ்வளவு வேய்ந்திருக்கிறது என்றுதானே பார்ப்போம். இங்கே கீற்று நீராவி, கரியமில வாயு, மீத்தேன் போன்ற சில வாயுக்கள்தான். அவை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் 15 டிகிரி செல்சியஸ் இருக்காது. மைனஸ் 18-க்குப் போய்விடும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அந்தக் "கொஞ்சம்" ஒன்றரை மடங்காகிவிட்டது என்பதை அந்தச் செய்தி சொல்வதே இல்லை.

நீராவிதானே அதிக வெப்பத்தைப் பிடிக்கிறது என்று அடுத்து கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அது சில நாட்களில் மழையாக இறங்கிவிடும். காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அந்த முதல் சூட்டை ஏற்றுவது, நூற்றாண்டுக் கணக்கில் தங்கும் கரியமில வாயு.

சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியில் ஒளி மாறுவது 0.1 சதவீத அளவே. சூரியன்தான் காரணமென்றால் 30 கி.மீ.க்கு மேலே உள்ள காற்றும் சூடேறியிருக்க வேண்டும். அது குளிர்ந்துகொண்டிருக்கிறது. எரிமலை கக்கும், வெயிலை மறைக்கும் கந்தகத் துகள்களும் கணக்கில் உண்டு: 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்தபின் உலக வெப்பநிலை சுமார் அரை டிகிரி இறங்கி, ஓரிரு ஆண்டில் மீண்டும் ஏறியது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஒரு நாள் 42 டிகிரி என்றவுடன் "எல்லாம் கார்பன்" என்பதும் சரியல்ல. கத்திரியில் மேற்குக் காற்று வலுத்தால் கடற்காற்று வேலூர் வரை வந்து சேராது. சுற்றியுள்ள பாறை மலைகளும் கான்கிரீட்டும் பகல் சூட்டை இரவிலும் விடுகின்றன. பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறையும், வடகிழக்குப் பருவமழை கூடும் வாய்ப்பு உண்டு. நம் பக்கம் இரண்டு மழையையும் நம்பியிருப்பதால் இது முக்கியம். இவையெல்லாம் ஏறி இறங்குகிறவை. அவை நிற்கும் தரையையே கரியமில வாயு உயர்த்திக்கொண்டிருக்கிறது.

மொட்டைமாடி வெயிலில் வைத்த வெப்பமானி, கார் காட்டும் எண் இரண்டையும் பகிராதீர்கள். நிழலில், காற்றோட்டத்தில், சுவரை விட்டு விலக்கி, ஆள் மார்பளவு உயரத்தில் வைத்து அளந்தால்தான் அது காற்றின் வெப்பநிலை. ஒரு வருடத்தை முந்தைய வருடத்தோடு ஒப்பிடாதீர்கள். 30 ஆண்டுச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், சித்திரைக்கு முன்பே. கட்டட வேலை, கல் உடைப்பு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களே, 12 முதல் 3 மணி வரை அவர்களை வெயிலில் நிறுத்தாதீர்கள். யாராவது உளறினாலோ தள்ளாடினாலோ நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மயங்கியவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள்.